வெங்காயம் சிவக்கும்வரை

பெஸ்யா ருத்னிக் தன் மகளுக்கு வைத்த பெயர் ஆர்லீன். பள்ளிக்கூடத்தில், டாக்டர் வீட்டில், தெருவில் கயிறு தாண்டி விளையாடிய இடத்தில் எல்லாம் அவள் ஆர்லீன்தான். கல்லூரி முடிக்கிற சமயத்தில் அந்தப் பெயரைக் கழற்றி வைத்துவிட்டு ஹென்யா ஆனாள். பாவாடை கணுக்காலை நோக்கி இறங்கியது. சட்டைக் கை மணிக்கட்டுவரை நீண்டது. அடுத்த வருஷம் ப்ரூக்ளினில், ஆசாரமான யூதர்கள் வாழும் பரோ பார்க் பக்கம், நஃப்தாலி என்ற பையனைக் கட்டிக்கொண்டாள். தாடி இன்னும் சரியாக அடர்ந்து வராத சாதுவான பையன். காலையில் வேதம் படிப்பான், மதியத்துக்குமேல் ஒரு காகிதக் கிடங்கில் வேலை.

பெஸ்யா இதை எல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் ப்ராங்க்ஸில் ஒரு பொத்தான் கடையில் வேலை பார்த்தாள். "கடவுளைத்தானே கும்பிடுறா, சூதாடவா போயிட்டா?" என்று கடையில் எல்லாரிடமும் சொன்னாள். கல்யாணத்தில் பெண்கள் பக்கம் தனியாகத் திரைக்குப் பின்னால் ஆடச் சொன்னபோதுகூட, சரி என்று ஆடினாள். புருஷன் லெய்ஸர் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. மகளாவது ஒரு இடத்தில் நிலைத்து உட்கார்ந்தாளே என்று அவளுக்கு நிம்மதிதான்.

மனஸ்தாபம் வந்தது சாப்பாட்டில்.

கல்யாணம் முடிந்து முதல்முறையாகப் பெண்ணும் மாப்பிள்ளையும் வருகிறார்கள் என்று பெஸ்யா இரண்டு நாள் சமைத்தாள். கோழி சூப், நறுக்கிய ஈரல், சூப்பில் போட மாவுருண்டை. ஈரலைப் பிசைவதற்கென்று புதிதாகக் கோழிக்கொழுப்பு உருக்கி, வெங்காயமும் தோலுமாகப் பொரித்து, ஒரு தட்டில் மூடி வைத்திருந்தாள். கறியோடு வெண்ணெய் சேரக்கூடாது என்கிற கோஷர் ஆசாரம் உள்ள வீட்டில் கோழிக்கொழுப்புதான் நெய், எண்ணெய், எல்லாம்.

ஹென்யா உள்ளே வந்தாள். அம்மாவைக் கட்டிக்கொண்டாள். பிறகு கையிலிருந்த பெரிய பையைத் திறந்து, மேஜைமேல் காகிதத் தட்டுகளை எடுத்து வைத்தாள். அடுத்து அலுமினியத் தாளில் சுற்றிய பொட்டலங்கள் வந்தன.

"என்னடி இது? பூங்காவுக்கு வந்திருக்கியா?"

"அம்மா, கோவிச்சுக்காதே."

"நான் என்ன, பன்னியா சமைச்சு வச்சிருக்கேன்? பால் பாத்திரம் ஒரு பக்கம், கறிப் பாத்திரம் ஒரு பக்கம். உங்கப்பா செத்த வாரம்கூட நான் ரெண்டையும் கலக்கலடி. இது கோஷர் இல்லையா?"

"கோஷர்தான்மா. உன்னைச் சொல்லல. நீ கோழி வாங்குற கடை இருக்கு பாரு, அங்க அறுக்கற முறைய எங்க சபை ரபி ஒத்துக்க மாட்டேங்கறார்."

"அந்தக் கோழியத் தின்னுதான்டி நீ வளந்தே."

ஹென்யாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மாப்பிள்ளை காது வரைக்கும் சிவந்துபோய், சுவரில் இருந்த காலண்டரை ஏதோ பரீட்சைக்குப் படிப்பதுபோலப் படித்துக்கொண்டிருந்தான். வேறு காரணமும் இருந்தது. அதை யாரும் சொல்லவில்லை. பெஸ்யா சனிக்கிழமையில் ரேடியோ கேட்பாள். சபாத் என்ற ஓய்வு நாளில் ஒரு திருகைத் திருப்புகிற வீட்டில் மற்றது எல்லாம் எப்படியோ என்று அந்தப் பக்கத்து ஆட்கள் நினைத்திருப்பார்கள். அவள் ரேடியோ கேட்பது பாட்டுக்காக அல்ல, வீட்டில் ஒரு மனுஷக் குரல் கேட்கட்டும் என்பதற்காக. அதை யாரிடம் போய்ச் சொல்வது?

அன்று அவர்கள் காகிதத் தட்டில் ஆறிப்போன வான்கோழியைச் சாப்பிட்டார்கள். எதிரே பெஸ்யா தன் சூப்பைக் குடித்தாள். மிச்சம் இருந்த ஈரலையும் பொரித்த தோலையும் அந்த வாரம் முழுக்கத் தனியாகத் தின்று தீர்த்தாள். பக்கத்து வீட்டு மான்யா ஃப்ளோரிடாவுக்குப் போகாமல் இருந்திருந்தால் ஒரு தட்டு அங்கே போயிருக்கும். அந்த மாடியில் இப்போது பெஸ்யாவுக்குத் தெரிந்த கதவு தன்னுடையது மட்டும்தான்.

அதற்குப் பிறகு மகள் வருவது குறைந்தது. சண்டை ஏதும் இல்லை. வாராவாரம் வெள்ளிக்கிழமை, பொழுது சாய்ந்து விளக்கேற்றுவதற்கு முன்னால் போன் வரும். நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன், நல்ல சபாத் ஆகட்டும். அவ்வளவுதான்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு புதன்கிழமை, வெள்ளி அல்லாத நாளில், போன் அடித்தது.

"அம்மா."

குரலைக் கேட்டதுமே பெஸ்யா ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டாள். "என்னடி ஆச்சு?"

"குளிச்சு ரெண்டு மாசத்துக்கு மேல ஆகுதும்மா."

"என் கண்ணே!"

"எந்திரிக்கவே முடியல. தண்ணி குடிச்சாக்கூட வெளிய வந்துடுது. டாக்டர் ஆஸ்பத்திரியில சேத்து ஊசி வழியா ஏத்தணும்ங்கறார்."

"பிஸ்கட் மென்னு பாத்தியா? எலுமிச்சம்பழம்?"

"எல்லாம் பாத்தாச்சு." மகள் மூச்சு வாங்கிக்கொண்டாள். "எனக்கு ஒண்ணு மட்டும் தின்னணும்னு இருக்கு. சொன்னா சிரிப்பே."

"சொல்லு."

"கிரிபெனிஸ். நீ பொரிப்பியே கோழித்தோல், அது. அந்த வெங்காயம் கருகின மாதிரி இருக்கும், ஆனா கருகியிருக்காதே. ராத்திரி எல்லாம் அதே நெனப்பா இருக்கும்மா."

"உங்க மாமியாருக்குப் பண்ணத் தெரியாதாக்கும்?"

"பண்ணிக் கொடுத்தாங்க. பூண்டு போட்டு. வாசனை வந்தப்பவே எந்திரிச்சு ஓடிட்டேன். நீ இங்க வந்து பண்ணும்மா. எங்க கோழி, எங்க சட்டி, எங்க கத்தி. நீ கையை வீசிட்டு வந்தாப் போதும்."

ஞாயிற்றுக்கிழமை பொத்தான் கடைக்கு விடுமுறை. பெஸ்யா விடிந்ததும் கிளம்பினாள். மடித்த ஏப்ரனை மட்டும் கைப்பையில் வைத்துக்கொண்டாள். சுரங்க ரயிலில் ப்ராங்க்ஸிலிருந்து பரோ பார்க் போவதென்றால் ஊரையே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கடப்பது. வழி நெடுக அவளுக்குக் கல்யாணத்துக்குப் போவதுபோல இருந்தது.

ஹென்யாவின் வீடு மாடியில். கீழ்வீட்டில் மாமியார் ஃப்ரிமெட். ஹங்கேரிக்காரி, குள்ளமான, கெட்டியான மனுஷி. தலைத்துணியை இறுக்கிக் கட்டியிருப்பாள். பெஸ்யா போனபோது அவள் ஏற்கெனவே மாடி அடுக்களையில் நின்றிருந்தாள். மேஜைமேல் ஒரு பெரிய கிண்ணம் நிறையக் கோழித்தோலும் மஞ்சள் கொழுப்பும். உப்பில் கிடத்திக் கழுவி, வடித்து, தயாராக இருந்தது.

"வாங்க சம்பந்தி. உங்களுக்காக ராத்திரி எல்லாம் ஜன்னலுக்கு வெளிய வச்சிருந்தேன். குளிர்ல விறைச்சிருந்தாத்தானே வெட்ட வரும்."

"நல்ல காரியம் பண்ணீங்க." பெஸ்யா கையை விட்டு ஒரு துண்டைப் புரட்டிப் பார்த்தாள். முதல் தரமான கொழுப்பு. அவள் கடையில் இப்படிக் கிடைப்பதில்லை. அதை வெளியே சொல்ல மனம் வரவில்லை.

ஹென்யா உள்ளறைக் கட்டிலில் கிடந்தாள். கன்னம் ஒட்டி, உதடு வெளுத்து, அந்த முகத்தைப் பார்த்ததும் பெஸ்யா அவள் பாதத்தைப் பிடித்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். பாதம் ஜில்லென்று இருந்தது. காலுறை ஒன்று தேடி மாட்டிவிட்டு அடுக்களைக்குத் திரும்பினாள்.

இரண்டு சம்பந்திகளும் எதிரெதிரே உட்கார்ந்து தோலை நறுக்கினார்கள்.

"இவ்வளவு சின்னதாவா?" என்றாள் ஃப்ரிமெட். "நாங்க பெருசா விடுவோம்."

"பெருசா விட்டா வெளிய கருகும், உள்ள வேகாது."

"எங்கம்மா கைல ஒண்ணும் கருகினதில்ல."

"மீன்ல சக்கரை போடுற ஊர்க்காரங்க நீங்க. உங்களுக்குக் கருகினதும் இனிப்பாத்தான் தெரியும்."

ஃப்ரிமெட் வாய்விட்டுச் சிரித்தாள். "அதான் பாத்தேன். மிளகு போட்டுப் போட்டு உங்க வில்னாப் பக்கத்து லிட்வாக் ஜனத்துக்கு நாக்கெல்லாம் காரம்."

பெஸ்யா சட்டியை அடுப்பில் ஏற்றினாள். தோலும் கொழுப்பும், அடி நனைகிற அளவுக்குத் தண்ணீர், தணலை மிகவும் தாழ்த்திவைத்தாள். முதலில் வெள்ளையாக நுரைத்துக் கொதித்தது. பிறகு தண்ணீர் வற்ற வற்றச் சத்தம் மாறியது. கொதிக்கிற சத்தம் போய்ப் பொரிகிற சத்தம் வந்தது. கொழுப்பு தெளிந்து அடியில் சட்டி தெரிந்தது. தோல்கள் ஓரத்தில் சுருண்டன.

"இப்ப வெங்காயம்," என்றாள் ஃப்ரிமெட்.

"இல்ல. இன்னும் நேரம் இருக்கு. தோல் வைக்கோல் நிறத்துக்கு வரணும். அப்புறம்தான். முன்னாடியே போட்டா வெங்காயம் கருகிடும், தோல் மெத்துனு நிக்கும்."

அந்த நிறம் வந்தபோது வெங்காயத்தில் ஒரு பங்கை அள்ளிப் போட்டாள். சட்டி சீறியது. அடுக்களை முழுக்க மணம் எழுந்து உள்ளறைக்குப் போனது. பெஸ்யா கிளறினாள். கை பாட்டுக்குக் கிளற, கண் உள்ளறைக் கதவிலேயே இருந்தது. குமட்டுகிற சத்தம் வருமோ என்று அவள் பயந்துகொண்டிருந்தாள்.

கட்டில் கிரீச்சிட்டது. ஹென்யா சுவரைப் பிடித்துக்கொண்டு தானாகவே எழுந்து வந்தாள்.

"ஆச்சா?"

"பொறுடி. வெங்காயம் சிவக்கட்டும்."

"அம்மா, சீக்கிரம்."

மிச்ச வெங்காயத்தையும் போட்டுப் புரட்டி, வடிகட்டியில் கொட்டி, கொழுப்பைக் கண்ணாடி ஜாடிக்குள் இறக்கி, தோலையும் வெங்காயத்தையும் தட்டில் பரப்பி உப்புத் தூவுவதற்குள் ஹென்யா பிரார்த்தனையை முணுமுணுத்துவிட்டுக் கையை நீட்டிவிட்டாள். நின்றபடியே தின்றாள். விரல் சுட்டது, ஊதினாள், தின்றாள். நொறுங்குகிற சத்தம் கேட்டது. ரொட்டியைப் பிய்த்துத் தட்டில் இருந்த கொழுப்பைத் துடைத்துத் தின்றாள். ஃப்ரிமெட் நாற்காலியை இழுத்து அவள் பின்னால் போட்டாள். அவள் உட்காரவில்லை. முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஏறியது.

பெஸ்யா சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியாமல், கழுவலாம் என்று சட்டியை எடுத்தாள். சட்டிக்குள் கிடந்த மரக்கரண்டியை எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

அது அவளுடைய கரண்டி. ப்ராங்க்ஸ் வீட்டுக் கரண்டி. ஒரு ஓரம் தீய்ந்து கறுத்திருக்கும். வேலை முடிந்ததும் அதை ஏப்ரன் பைக்குள் செருகிச் சுருட்டி வைப்பது அவள் பழக்கம். பேச்சு சுவாரஸ்யத்தில் கை எப்போது உள்ளே போனது, எப்போது எடுத்தது, ஒன்றும் தெரியவில்லை. எந்தக் கடைக் கோழி ஆகாது என்று மகள் அவள் வீட்டில் தண்ணீருக்குமேல் எதுவும் தொடுவதில்லையோ, அந்தக் கோழியில் அத்தனை வருஷம் ஊறிய கரண்டி அது. சுடச்சுட இந்தச் சட்டியில் கிளறியாயிற்று. சட்டியும் போயிற்று, கொழுப்பும் போயிற்று, மகள் தின்றதும் போயிற்று.

ஈரத் துணியைப் போட்டு அவள் அதை மூடினாள். யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைத்தாள். ஹென்யா விரலை நக்கிக்கொண்டிருந்தாள். எத்தனை நாளைக்கப்புறம் வயிற்றில் ஒன்று நின்றிருக்கிறது! வாயைத் திறந்தால் அவ்வளவும் வெளியே வந்துவிடும். சொல்லாமல் இருந்தால் என்ன? உலகம் என்ன ஆகிவிடும்? பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறினால் முடிந்தது. அவள் நம்பிக்கையின்படி கடவுள் ஒரு கரண்டியைத் துருவிப் பார்த்துக்கொண்டிருப்பவர் அல்ல.

ஆனால் மகளின் நம்பிக்கை அது இல்லையே. அவள் கண்ணை மூடித் தாயை நம்பித் தின்றிருக்கிறாள்.

"ஹென்யா," என்றாள். எப்போதும் ஆர்லீன் என்றுதான் வாய் வரும். அன்று ஹென்யா என்று வந்தது. "உட்காரு. ஒண்ணு சொல்லணும்." துணியை விலக்கிக் காட்டினாள். "இது என் கரண்டி. தெரியாம எடுத்துட்டேன்டி. சத்தியமாத் தெரியாம."

ஹென்யா கரண்டியைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். பெஸ்யா ஒரு பாத்திரத்தை எடுக்க ஓடினாள். ஆனால் மகள் வாந்தி எடுக்கவில்லை. விரல்களுக்கு நடுவே, "ஏம்மா சொன்னே?" என்றாள். "சொல்லாமயே இருந்திருக்கலாமே."

"உன்னை ஏமாத்தி ஊட்டவா?"

"நான் பாத்தேன்," என்றாள் ஃப்ரிமெட்.

இருவரும் திரும்பினார்கள். அவள் வெங்காயத் தோலை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "பையிலேர்ந்து எடுத்தப்பவே பாத்தேன். புள்ள தின்னட்டும்னு வாய மூடிட்டிருந்தேன். மேல இருக்கறவர்கிட்ட நான் பேசிக்கறேன்னு நெனச்சேன்."

அந்த நேரம் பார்த்து நஃப்தாலி வந்தான். விஷயத்தைக் கேட்டதும் மனைவியைப் பார்த்தான், தாயைப் பார்த்தான். "அம்மா, நீங்களுமா?"

"நானும்தான். போய் ரபிக்குப் போன் போடு. அதுக்குத்தானே அவர் இருக்கார்."

அவன் போனில் மெல்லிய குரலில் விளக்கினான். நடுவில் நிறுத்தி, ரிசீவரை நீட்டினான். "உங்ககிட்டப் பேசணுமாம்."

பெஸ்யா கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். மறுமுனையில் வயதான குரல்.

"எந்த ஊர் அம்மா உங்களுக்கு?"

"வில்னாவுக்குப் பக்கம்."

"வீட்ல பால், கறி ரெண்டும் தனித்தனியா?"

"தனித்தனியாத்தான்."

"இந்தக் கரண்டி கறிப் பக்கம் மட்டும்தானே?"

"ஆமா. வேற என்ன கேக்கணும்? சனிக்கிழமை ரேடியோ கேப்பேன். அதையும் எழுதிக்குங்க."

அந்தப் பக்கம் சிரிப்பா, இருமலா என்று தெரியவில்லை. "அதை நான் கேக்கலையே. பொண்ணு தின்னாளா?"

"தின்னா."

"வயித்துல நிக்குதா?"

பெஸ்யா மகளைப் பார்த்தாள். "நிக்குது."

"அப்போ தின்னட்டும். உடம்பு முடியாத புள்ளத்தாச்சி. உங்க கை மேல எனக்குச் சந்தேகம் இல்ல அம்மா. ஆனா ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வழக்கம் இருக்கு, அதையும் நாம கெடுக்கக் கூடாது. அவ மட்டும் சாப்பிடட்டும், மத்தவங்க வேண்டாம். சட்டியைக் கொதிக்க வச்சு சுத்தம் பண்ணச் சொல்லுங்க. அடுத்த தடவை அந்த வீட்டுக் கரண்டி."

நல்ல பதில்தான். எல்லார் முகமும் தெளிந்தது. நஃப்தாலி அந்தக் கண்ணாடி ஜாடிமேல் ஒரு காகிதத் துண்டை ஒட்டி, அதில் ஹென்யாவின் பெயரை எழுதி, அலமாரியின் மேல்தட்டில் ஒதுக்குப்புறமாக வைத்தான். அன்போடுதான் செய்தான். மருந்துப் புட்டியை அப்படித்தான் வைப்பார்கள். பெஸ்யா அதைப் பார்த்துக்கொண்டே கோட்டை மாட்டினாள். ரயிலில் திரும்பும்போது, காலையில் இருந்த கல்யாண எண்ணம் எங்கோ இறங்கிப் போயிருந்தது. ஆனாலும் பெண் தின்றாள். அதை நினைத்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறும் போனாள். அதற்கடுத்த ஞாயிறும். வெறுங்கையோடு போனாள், ஏப்ரனைக்கூட ஃப்ரிமெட் கொடுத்ததையே கட்டிக்கொண்டாள். அந்த ஞாயிறுகளில் அவள் பேசியதுபோல லெய்ஸர் போனபிறகு பேசியதே இல்லை. கடை வம்பு, லெய்ஸரின் குறட்டை, ஆர்லீன் சின்ன வயதில் பொத்தானை விழுங்கியது. ஃப்ரிமெட் கேட்டுச் சிரிப்பாள். ஹென்யா தலையணையில் சாய்ந்தபடி தட்டை மடியில் வைத்துக்கொண்டு மென்றுகொண்டிருப்பாள்.

ஆனால் பொரித்த தோல் ஒரு வாரம் மொறுமொறுப்பாக நிற்காது. செவ்வாய்க்கிழமைக்குள் நமத்துப்போய்விடும், பிறகு அவள் தொடுவதில்லை. ஃப்ரிமெட் ஒரு நாள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எனக்குச் சரியாச் சொல்லிக் கொடுங்க சம்பந்தி. நடுவுல ரெண்டு தடவை நானே பண்ணிப் பாத்தேன். கசக்குதுங்கறா."

பெஸ்யா கிளறிக்கொண்டே இருந்தாள். சொல்லிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. சட்டியில் தோல் புரண்டது.

"அந்த சத்தத்தைக் கேளுங்க," என்றாள் கடைசியில். "கேக்குதா? சடசடன்னு இருக்கறது போய், லேசா, மழை விடற மாதிரி ஆகுதில்ல? அப்பத்தான் வெங்காயம் போடணும். நான் முதல் நாள் சொன்ன நிறத்தப் பாத்தே நீங்க போடறீங்க. உங்க அடுக்களையில வெளிச்சம் மஞ்சளா இருக்கு, அது ஏமாத்திடும். இன்னொண்ணு, பாதி வெங்காயத்த மட்டும் முதல்ல. மிச்சம் பாதி இறக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி. அதுதான் இனிப்பு கொடுக்கும்."

ஃப்ரிமெட் குனிந்து சட்டியருகே காதை வைத்துக் கேட்டாள். "அட!" என்றாள்.

அந்த வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவதற்கு முன் போன் வந்தது. ஹென்யாவின் குரலில் தெம்பு இருந்தது.

"அம்மா, மாமியார் நேத்து பண்ணாங்க. அப்படியே உன் கை மாதிரியே இருந்துச்சு! கண்ணை மூடிட்டுத் தின்னா கண்டுபிடிக்க முடியாது. இனிமே நீ இந்தக் குளிர்ல அவ்வளவு தூரம் ரயில் ஏறி அலைய வேண்டாம்மா. உன் முட்டி வலி வேற."

"முட்டிக்கு ஒண்ணும் இல்லடி."

"இல்லம்மா, சும்மா சொல்லாதே. ஞாயித்துக்கிழமை ஒரு நாளாவது ரெஸ்ட் எடு."

"சரி," என்றாள் பெஸ்யா. "நல்லா தின்றியா?"

"நல்லா தின்றேன்."

"அது போதும்."

ஞாயிற்றுக்கிழமை பழக்கத்தில் சீக்கிரமே விழிப்பு வந்துவிட்டது. கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு கீழே இறங்கினாள். ரயில் நிலையத்துப் படிவரை நடந்தாள். அப்புறம் பேப்பர் வாங்கத்தான் வந்தவள்போல ஒரு பேப்பரை வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டாள். ரேடியோவைத் திருகினாள். யாரோ தோட்டம் போடுவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அதை முழுக்கக் கேட்டாள்.

பெசாக் பண்டிகைக்கு அவர்கள் அழைத்தார்கள். நஃப்தாலியே போன் செய்து, "நீங்க இல்லாம எப்படி?" என்றான். பண்டிகை நாட்களில் வண்டி ஏறக்கூடாது என்பதால் முதல் இரண்டு ராத்திரியும் அங்கேயே தங்கினாள். ஹென்யாவின் வயிறு நன்றாகத் தெரிந்தது. கன்னம் மறுபடி உருண்டிருந்தது. மேஜை முழுக்கச் சொந்தக்காரர்கள், பாட்டு, திராட்சை ரசம், சத்தம். அந்தப் பண்டிகைக்கு அவர்கள் வீட்டில் வேறு எண்ணெயே கிடையாது, எல்லாம் கோழிக்கொழுப்புதான். குளிர்காலத்திலிருந்தே ஃப்ரிமெட் ஜாடி ஜாடியாக உருக்கி வைத்திருந்தாள்.

உருளைக்கிழங்கு மசியல் வந்தது. மேலே பொன்னிறக் கொழுப்பும் வெங்காயமும். பெஸ்யா ஒரு வாய் எடுத்து வைத்தாள். மெல்ல வேண்டியதே இல்லை, நாக்கில் பட்டதும் தெரிந்தது. கடைசியில் போட்ட பாதி வெங்காயத்தின் இனிப்பு. அவளுடைய அடுக்களை.

"இந்த வருஷம் உங்க கைப்பக்குவமே தனிம்மா," என்றான் நஃப்தாலி தாயிடம்.

"என் கைப்பக்குவம் இல்லடா," என்றாள் ஃப்ரிமெட், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "சம்பந்தி சொல்லிக் கொடுத்தது. லிட்வாக் பக்குவம்."

எல்லாரும் பெஸ்யாவைப் பார்த்துச் சிரித்தார்கள். யாரோ ஒரு சித்தப்பா கோப்பையைத் தூக்கிக் காட்டினார். ஃப்ரிமெட் ஒன்றையும் மறைக்கவில்லை, தனக்கென்று எடுத்துக்கொள்ளவும் இல்லை. பெஸ்யாவுக்கு அவள்மேல் கோபப்பட ஒரு காரணமும் இல்லை. அதனாலேயே அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பது இன்னும் கடினமாக இருந்தது. "ரொம்ப நல்லா இருக்கு," என்று சொல்லி இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டாள். மேஜையின் அந்தப் பக்கம் அடுத்த பாட்டைத் தொடங்கிவிட்டார்கள். அவளுக்குத் தெரியாத மெட்டு.

கோடையில் பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். இலையுதிர் காலம் தொடங்கியபிறகு, ஒரு வியாழக்கிழமை, சொல்லாமல் கொள்ளாமல் ஹென்யா குழந்தையோடு ப்ராங்க்ஸுக்கு வந்து நின்றாள். பெஸ்யாவுக்கு அன்று கடையில் அரை நாள். அடுப்பில் கொழுப்பு உருகிக்கொண்டிருந்தது. ஒற்றை ஆளுக்கு உருக்குவது, ஒரே ஒரு கோழியின் தோல், சின்னச் சட்டி.

"போன் பண்ணியிருக்கலாமேடி!"

"திடீர்னு தோணிச்சு, வந்துட்டேன்." ஹென்யா குழந்தையைத் தோளில் போட்டபடி அடுப்பருகே வந்து சட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். மூச்சை இழுத்தாள். எச்சில் விழுங்கினாள். "அம்மா, இந்த வாசனை இருக்கே..."

பெஸ்யா தட்டை எடுக்கவில்லை. கை போகத்தான் பார்த்தது, நிறுத்திக்கொண்டாள். "இரு, ஜன்னலைத் திறக்கறேன்," என்றாள்.

"வேண்டாம், இருக்கட்டும்."

குழந்தை சிணுங்கியது. ஹென்யா நாற்காலியில் உட்கார்ந்து பால் கொடுத்தாள். அது கண்ணை மூடிக்கொண்டு மடக்மடக்கென்று குடித்தது. பெஸ்யா அடுப்பைத் தணித்துவிட்டு எதிரே உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஹென்யா பையிலிருந்து அலுமினியத் தாள் பொட்டலத்தை எடுத்தாள். அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே பிரித்தாள். ரொட்டியும் முட்டையும். பெஸ்யா எழுந்து தன் ரொட்டியில் கொழுப்பைத் தடவி, உப்புப் போட்டு, பொரித்த தோலை ஒரு கை அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தாள்.

"தண்ணி?"

"குடு. குழாயில பிடிச்சுக் குடு."

ஒரே மேஜையில் இருவரும் அவரவர் சாப்பாட்டைச் சாப்பிட்டார்கள். குழந்தைக்குத் தூக்கம் சரியில்லை என்று ஹென்யா சொன்னாள். நீயும் அப்படித்தான் என்று பெஸ்யா சொன்னாள். குழந்தையின் காதுமடல் லெய்ஸருடையது மாதிரியே இருக்கிறது என்றாள். ஹென்யா சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் நாற்காலியிலேயே சாய்ந்து கண்ணயர்ந்துவிட்டாள். பெஸ்யா குழந்தையை மெல்ல வாங்கிக்கொண்டாள்.

இருட்டுவதற்குள் போக வேண்டும் என்று மகள் எழுந்தபோது ரயில்வரை கூடப் போனாள். படியில் இறங்கும்போது, "அடுத்த வாரம் வருவியா?" என்று கேட்டாள்.

"பாக்கறேம்மா," என்றாள் ஹென்யா.

பெஸ்யா வீட்டுக்கு வந்து தட்டைக் கழுவினாள். சட்டியில் கொழுப்பு ஓரத்தில் உறைய ஆரம்பித்திருந்தது. அதை ஜாடியில் வழித்து ஊற்றி மூடி, குளிர்ப்பெட்டியில் வைத்தாள். குறைவாகத்தான் இருந்தது. அவளுக்கு அது ரொம்ப நாளைக்கு வரும்.